புதுப்பிப்பு: தண்ணீர்ப் பை வாங்கியாச்சு, குமரி மாவட்டத்துக் கீரிப்பாறை வரை ஓட்டியும் பார்த்தாச்சு

மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டும்போது முதுகில் மாட்டி, குழாய் வழியாகக் குடிக்கும் தண்ணீர்ப் பை 2 லிட்டரா, 3 லிட்டரா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பாதிப் பேர் 3 என்றீர்கள். நான் 2 எடுத்தேன். ஒரு லிட்டர் கூடினால் ஒரு கிலோ கூடும். தடிக்காரன்கோணம் தாண்டிய ஏற்றத்தில் அது தோளில் தெரியும்.

முதல் நாள் ரப்பர் தோட்டத்து மண்பாதையில் இறங்கும்போது பை இடமும் வலமும் ஆடியது, உள்ளே தண்ணீர் களக் களக் என்று சத்தம். நெஞ்சு வாரையும் இடுப்பு வாரையும் இறுக்கியதும் ஆட்டம் நின்றது. சத்தம் உள்ளே தங்கிய காற்றால்தான். நிரப்பி மூடியதும் பையைத் தலைகீழாகப் பிடித்து, குழாய் வழியாக அந்தக் காற்றை உறிஞ்சிவிட்டால் போதும். இதைச் சொன்ன அண்ணனுக்கு ரொம்ப நன்றி.

ஒரு தப்பும் நடந்தது. சர்க்கரை போட்ட எலுமிச்சைச் சாறை ஊற்றி, இரண்டு நாள் கழுவாமல் விட்டேன். குழாயில் கறுப்புப் பூஞ்சை. சமையல் சோடா கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, நீளமான பிரஷ் விட்டுத் தேய்த்தேன். இனி பையில் வெறும் தண்ணீர்தான், சாறு தனி பாட்டிலில். நம்ம ஊர் மழைக்காலத்தில் பை லேசில் காயாது. அதனால் உள்ளே ஒரு மரக்கரண்டியை நிறுத்தி, வாயைத் திறந்தே தொங்கவிடுகிறேன்.

அடுத்த ஞாயிறு பேச்சிப்பாறை பக்கம்.