சனிக்கிழமை மலைக்குப் போகிறோமா, இல்லையா?

குழு: போடி வீட்டுப் பிள்ளைகள்
வியாழன் மாலை (போடியில் வெள்ளி காலை)

செந்தில்: எல்லாரும் கொஞ்சம் பாருங்கள். கலிஃபோர்னியாவின் செக்கோயா பூங்காவின் இணையப் பக்கத்தில் புது அறிவிப்பு. அங்கே ஜயண்ட் ஃபாரஸ்ட் என்கிற செக்கோயா தோப்பில் நாளை பிரிஸ்க்ரைப்ட் பர்ன், அதாவது திட்டமிட்டு வைக்கிற தீ, தொடங்குகிறார்களாம். சில பாதைகள் மூடல். நாம் நடக்க நினைத்த சுற்றில் பாதி அதற்குள் வருகிறது.

இளங்கோ: நினைத்தேன். ஆகஸ்டில் காட்டுத் தீ என்று மூடுவார்கள். அக்டோபரில் வெயில் தணிந்து, கூட்டமும் குறைந்து, நடக்கத் தோதான நேரம் வந்தால் அவர்களே தீ வைப்பார்கள். நாம் எப்போதுதான் நடப்பது?

கவிதா: யாழினிக்கு மூச்சு இப்போதுதான் சரியாகியிருக்கிறது. புகை என்றால் நாங்கள் வரவில்லை.

இளங்கோ: "நாங்கள்" என்றால் நானும் சேர்த்தியா?

கவிதா: அடுப்படிக்கு வந்து கேளுங்கள்.

பெரியப்பா: பிள்ளைகளே, எனக்கு ஒன்று புரியவில்லை. அரசாங்கமே காட்டுக்குத் தீ வைக்கிறதா? இங்கே ஏலத்தோட்டத்துக்குப் போகிற வழியில் பீடி பற்றவைத்தாலே வனக்காவலர் பிடித்துக்கொள்வார்.

அருள்மொழி: ஆமாம் பெரியப்பா, வேண்டுமென்றேதான் வைக்கிறார்கள். அந்தச் செக்கோயா மரத்துக்குப் பட்டை இரண்டடி வரை தடிமன் இருக்கும், தரையில் ஓடுகிற சின்னத் தீ ஒன்றும் செய்யாது. காய்கள் வருடக்கணக்கில் மூடியபடியே மரத்தில் கிடக்கும். கீழே இருந்து சூடு ஏறினால் காய்ந்து திறந்து விதை கொட்டும். சருகு எரிந்து மண் தெரிகிற இடத்தில்தான் அந்த விதை நன்றாக முளைக்கும்.

1890-இல் பூங்கா ஆனபிறகு பல பத்தாண்டுகள் தீ தெரிந்தால் உடனே அணைத்தார்கள். அந்த மலையின் பூர்வகுடிகளான மோனோ மக்கள் முன்பெல்லாம் தாங்களே தீ வைத்துக் காட்டைப் பராமரித்தவர்கள், அதையும் தடுத்துவிட்டார்கள். கீழே ஃபிர் என்கிற ஊசியிலை மரங்கள் அடர்ந்து மண்டிவிட்டன. இப்போது தீ வந்தால் தரையோடு நிற்காது, அந்தச் சின்ன மரங்களைப் பிடித்து உச்சிக்கே ஏறிவிடும். 1960களில்தான் தப்பு தெரிந்து, திட்டம் போட்டுத் தீ வைக்க ஆரம்பித்தார்கள்.

பெரியப்பா: அப்படியானால் அது தீ கேட்கிற மரம்.

இளங்கோ: மாமா, அவள் சொல்வது பாதிதான். அருள், ரெட்வுட் மவுண்டன் என்கிற செக்கோயா தோப்பு தெரியும்தானே? 1960களில் தீ வைத்து ஆராய்ச்சி தொடங்கியதே அங்கேதான். 2021-இல் கே.என்.பி. என்று பெயரிட்ட காட்டுத் தீ வந்தபோது அந்தத் தோப்பில் என்ன மிஞ்சியது? அடுத்த கோடையில் நண்பர்களோடு அந்தப் பக்கம் நடந்தேன். சில சரிவுகளில் ஆயிரம், இரண்டாயிரம் வயது மரங்கள் கரித்தூணாக நிற்கின்றன. பாதை எது, சாம்பல் எது என்று தெரியவில்லை. யாருக்கும் பேச்சு வரவில்லை.

அருள்மொழி: அத்தான், அதைத்தான் நானும் சொல்கிறேன். அங்கே முன்பு ஒருமுறை எரித்துவிட்டு, பல இடங்களைத் திரும்ப எரிக்காமலே விட்டுவிட்டார்கள். ஒருமுறை எரித்தால் காலத்துக்கும் போதும் என்பது இல்லை. 2012 முதல் 2016 வரை வறட்சி வேறு. கலிஃபோர்னியா முழுக்க 10 கோடி மரங்களுக்கு மேல் காய்ந்து வண்டு விழுந்து செத்தன. அந்த விறகு எல்லாம் காட்டிலேயே கிடந்தது.

ஜயண்ட் ஃபாரஸ்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதே ஆண்டு, அதே தீ. அங்கே பல பத்தாண்டுகளாகத் திரும்பத் திரும்ப எரித்து வந்ததால் உள்ளே வந்ததும் தீயின் வேகம் இறங்கிவிட்டது. உலகிலேயே பெரிய மரமான ஜெனரல் ஷெர்மன் இன்னும் நிற்கிறது.

இளங்கோ: ஷெர்மனுக்கு அடியில் அலுமினியத் தாள் சுற்றி பிரியாணிப் பொட்டலம் மாதிரி வைத்திருந்தார்களே, அதைச் சொல்ல விட்டுவிட்டாய்.

அருள்மொழி: அது கூடுதல் பாதுகாப்புக்கு. தாள் சுற்றாத மரங்களும் அங்கே நிறையத் தப்பின.

செந்தில்: எண்ணிக்கையை யாராவது பெரியப்பாவுக்குச் சொல்லுங்கள், அப்போதுதான் விஷயத்தின் கனம் தெரியும்.

அருள்மொழி: 2020-இல் கேஸில் தீ ஒன்றில் மட்டும் 7,500 முதல் 10,600 பெரிய செக்கோயாக்கள் செத்திருக்கும் என்று மதிப்பிட்டார்கள். அடுத்த ஆண்டு கே.என்.பி. தீயிலும் விண்டி தீயிலும் சேர்த்து இன்னும் 2,200 முதல் 3,600 வரை. உலகத்தில் இயற்கையாக வளர்கிற பெரிய செக்கோயாக்களில் 13 முதல் 19 சதவீதம் அந்த இரண்டு ஆண்டுகளில் போய்விட்டது.

பெரியப்பா: அடப் பாவமே.

கவிதா: அந்த 2020 செப்டம்பரை நான் மறக்க மாட்டேன். கேஸில் தீ ஒரு பக்கம், இந்தப் பக்கம் க்ரீக் தீ. ஃபிரெஸ்னோவில் பகலிலேயே விளக்குப் போட்டோம். மலையில் எங்கே எரிந்தாலும் புகை இறங்கி வந்து உட்காருவது எங்கள் பள்ளத்தாக்கில்தான். தீ வைக்காதே என்று நான் சொல்லவில்லை. மலையேற வருகிறவருக்கு ஒரு சனிக்கிழமை போகும். இங்கே குடியிருக்கிறவளுக்கு வாரம் முழுக்க ஜன்னல் திறக்க முடியாது. அதையும் யாராவது கணக்கில் எடுக்க வேண்டும்.

அருள்மொழி: எடுக்கிறார்கள் அக்கா. காற்றுத் தர வாரியம் அனுமதித்த நாளில்தான் தீ வைக்க முடியும். புகை மேலே எழும்பிக் கலைகிற நாளாக இருக்க வேண்டும். சருகில் ஈரம் இவ்வளவு, காற்று இவ்வளவு என்று எல்லாம் பொருந்த வேண்டும். ஈரம் அதிகமானால் எரியாது, குறைந்தால் கை மீறும்.

செந்தில்: ஓ, அதனால்தான் கடைசி நேரத்தில் அறிவிக்கிறார்களா?

அருள்மொழி: ஆமாம் அண்ணா. முதல் நாள் வரைக்கும் அவர்களுக்கே உறுதியாகத் தெரியாது.

இளங்கோ: இது நியாயமான பதில். ஆனால் நாம் விடுதிக்கு மாதக்கணக்கில் முன்பே பணம் கட்டுகிறோம், அவர்களோ முதல் நாள் முடிவெடுக்கிறார்கள். விடுதிக்காரரிடம் கேட்டால் பாதை மூடியதற்கு நாங்கள் பொறுப்பில்லை, பணம் திரும்பாது என்கிறார். என் கோபம் பாதி அவர்மேல்தான்.

இன்னொன்று. 2021-இல் கால்டோர் தீ எரிந்தபோது ஆகஸ்ட் 31 இரவோடு மாநிலத்தின் தேசியக் காடுகள் எல்லாவற்றையும் மூடினார்கள் இல்லையா? ஜான் மியூர் பாதையில் நடப்பதற்காக வேலைக்கு நீண்ட விடுப்புப் போட்டவர்கள் எத்தனை பேர். நூற்றுக்கணக்கான மைல் தள்ளி, தீயே இல்லாத இடத்தையும் மூடினார்கள். அதற்கு என்ன விஞ்ஞானம்?

செந்தில்: மச்சான், அப்போது அணைக்க ஆளில்லை. எல்லா அணிகளும் ஏதோ ஒரு தீயில் நின்றார்கள். புதிதாக எங்காவது பற்றினால், மாட்டிக்கொண்டவர்களை இறக்க யார் வருவார்? அதற்கு முந்தைய ஆண்டு மேமத் பூல் ஏரிக்கரையில் 200 பேருக்கு மேல் சிக்கி, ராணுவ ஹெலிகாப்டர் புகைக்குள் இறங்கித் தூக்கியதே.

பெரியப்பா: செந்தில் சொல்வது சரி. மாப்பிள்ளை, உங்களுக்குக் குரங்கணி நினைவிருக்கும். 2018 மார்ச் 11. கொழுக்குமலையிலிருந்து இறங்கி வந்த பிள்ளைகள், 23 பேர் போனார்கள். போடி ஆஸ்பத்திரி வாசலில் நான் நின்றேன். புல் காய்ந்த மாதம், செங்குத்துச் சரிவு. தீ கீழே இருந்தால் ஆள் ஓடுவதைவிட வேகமாக மேலே ஏறும். மேல்நோக்கி ஓடாதே, எரிந்து முடிந்த தரை அல்லது வெறும் பாறை இருந்தால் அங்கே போ என்று எங்கள் தோட்டத்து ஆட்கள் சொல்வார்கள். மூடியிருக்கிறது என்றால் மூடியிருக்கட்டும்.

(சில நிமிடங்கள் யாரும் எழுதவில்லை)

இளங்கோ: சரி மாமா. மூடின இடத்துக்குள் போகிற ஆள் நான் இல்லை, அது உங்களுக்கே தெரியும்.

பெரியப்பா: தெரியும் மாப்பிள்ளை. ஆனால் இவர்கள் வைக்கிற தீ கை மீறிப் போனதே இல்லையா? அதையும் கேட்டுவிடுகிறேன்.

இளங்கோ: போயிருக்கிறது மாமா. 2000-இல் நியூ மெக்ஸிகோவில் பாண்டிலியர் என்கிற இடத்தில் பூங்காக்காரர்கள் வைத்த தீ லாஸ் அலமோஸ் ஊருக்குள் புகுந்து, 400-க்கு மேற்பட்ட குடும்பங்கள் வீடு இழந்தன. 2022-இல் அதே மாநிலத்தில் வனத்துறை வைத்த தீ 3,40,000 ஏக்கரைத் தாண்டியது. "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

அருள்மொழி: இதற்கு என்னிடம் பெரிய பதில் இல்லை அத்தான். 2022-க்குப் பிறகு வனத்துறையே 90 நாள் எல்லா இடத்திலும் தீ வைப்பதை நிறுத்தி விதிகளைத் திருத்தியது. தீ வைத்தால் சில நேரம் தப்பு நடக்கும். வைக்காமல் விட்டால் ரெட்வுட் மவுண்டன் நடக்கும்.

செந்தில்: யோசெமிட்டியில் கிளேசியர் பாயிண்டிலிருந்து பார்த்தால் இல்லிலுவெட் பள்ளத்தாக்கு தெரியும். அங்கே 1970களின் தொடக்கத்திலிருந்து மின்னலில் பற்றும் தீயைப் பெரும்பாலும் அணைக்காமல் கண்காணித்தபடி எரிய விடுகிறார்கள். முதல்முறை நடந்தபோது எனக்கும் எரிச்சல்தான், நிழலே இல்லை, கரிக்கட்டை நடுவில் வெயிலில் போக வேண்டும். ஆனால் ஒரு வளைவு தாண்டினால் புல்வெளி, அடுத்து இளமரக் கூட்டம், அடுத்து பெரிய மரம் என்று மாறி மாறி வரும். ஈரப் புல்வெளி அங்கே கூடியிருக்கிறது என்று பெர்க்லி பல்கலைக்கழக ஆட்கள் எழுதியிருக்கிறார்கள்.

இளங்கோ: அதை ஒத்துக்கொள்கிறேன். சரி, ரெட்வுட் மவுண்டனில் நாற்று நடுகிறார்களே, அதற்கு உன் கருத்து என்ன அருள்? எனக்கு அது பிடிக்கவில்லை. வனாந்தரம் என்று எல்லை போட்டுவிட்டு உள்ளே ஆள் இறக்கி நாற்று நட்டால் அது தோட்டம் ஆகிவிடாதா?

அருள்மொழி: 2023-இல் முடிவெடுத்தபோதே அதை எதிர்த்து வழக்கும் போட்டார்கள், நீங்கள் தனி ஆள் இல்லை. நான் நடுவில் நிற்கிறேன். மிதமாக எரிந்த இடங்களில் நாற்று தானாகவே பாய் விரித்ததுபோல முளைத்திருக்கிறது. தாய்மரமே இல்லாமல் கருகிய சரிவில் விதை எங்கிருந்து வரும்?

கவிதா: இரண்டு பேரும் நேரில் சண்டை போடுங்கள். சனிக்கிழமைக்கு என்ன முடிவு? எனக்குச் சாமான் வாங்க வேண்டும்.

செந்தில்: என் யோசனை. ஜயண்ட் ஃபாரஸ்ட் வேண்டாம். 180-ஆம் நெடுஞ்சாலை வழியாக கிராண்ட் குரோவ் என்கிற இன்னொரு செக்கோயா தோப்புக்குப் போவோம். அந்தப் புகை இரவில் கவியா ஆற்றுப் பள்ளம் வழியாகத் தெற்கே த்ரீ ரிவர்ஸ் ஊர்ப் பக்கம் இறங்கும். நாம் வடக்கே இருப்போம். பிற்பகலில் காற்று திரும்பிப் புகையை மேலே தள்ளும், அதற்குள் நடந்து முடித்துவிட வேண்டும்.

அருள்மொழி: காலையில் காற்றுத் தர அளவைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். 100-ஐத் தாண்டினால் யாழினி வேண்டாம் அக்கா.

கவிதா: 100 இல்லை, 75. தாண்டினால் நானும் அவளும் வீட்டில். இவர் மட்டும் போகட்டும். புளியோதரை கட்டித் தருகிறேன்.

இளங்கோ: அப்படியானால் நான் வருகிறேன். செந்தில், கொஞ்சம் வழி விலகி குவேல் ஃபிளாட் பக்கமும் நிறுத்து. அருளுக்கு அந்த ரெட்வுட் மவுண்டன் சரிவைக் காட்ட வேண்டும்.

பெரியப்பா: எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று எழுதிவிட்டுப் போங்கள். அங்கே சிக்னல் இருக்காது என்று போன தடவை சொன்னீர்கள்.

செந்தில்: எழுதுகிறேன் பெரியப்பா. காலை 5:30-க்கு அக்கா வீட்டு வாசலில். மச்சான், டார்ச் உங்கள் பொறுப்பு.