பியானோ 'ஆக்‌ஷன்': ஒரு சொல் போதுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

பியானோவின் உள்பொறியைக் குறிக்கும் 'ஆக்‌ஷன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் 'இயக்கம்' போதும் என்று ஈரோட்டு நண்பர் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. வால்பாறைத் தோட்ட பங்களா ஒன்றிலிருந்து வந்த பழைய தானியங்கிக் கிராண்ட் பியானோ கோவையில் எங்கள் பட்டறையில் பிரித்துக் கிடக்கிறது. குறிப்பேட்டில் 'இயக்கம் பழுது' என்று எழுதினால் ஆசாரி, "எந்த இயக்கமுங்க?" என்கிறார். கேட்பது நியாயம்தான். அந்தப் பெட்டிக்குள் இரண்டு பொறிகள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் இரண்டையுமே ஆக்‌ஷன் என்கிறார்கள்.

விரலுக்கும் கம்பிக்கும் நடுவில் இருப்பதை 'எறிபொறி' என்று சொல்லலாம் என்பது என் முன்மொழிவு. விரல் அழுத்தும் கட்டை, கம்பியை அடிக்கும் சுத்தியலைக் கம்பிவரை தள்ளிக்கொண்டு போவதில்லை. கம்பிக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்பே உந்துகோல் நழுவிவிடும். மிச்ச தூரத்தைச் சுத்தியல் தானாகப் பறந்து கடக்கும். நழுவாவிட்டால் சுத்தியல் கம்பியிலேயே அழுந்தி நின்று ஒலியைக் கொன்றுவிடும். வெகு முன்னதாக நழுவினால், மெதுவாக வாசிக்கும்போது சுத்தியல் கம்பியைத் தொடாமலே திரும்பிவிடும். பழுதுபார்ப்பில் பாதி உழைப்பு 88 கட்டைகளுக்கும் இந்த இடைவெளியைச் சீராக்குவதில்தான் போகிறது. ஆகவே 'நழுவல்' என்ற சொல்லும் வேண்டும். கட்டை முழுதாக மேலே வருமுன்பே மறுபடி அடிக்க வழிசெய்யும் பிரெஞ்சு பியானோ தயாரிப்பாளர் எரார்டின் 1821ஆம் ஆண்டு அமைப்பு 'இரட்டை நழுவல்' ஆகும்.

எறிபொறி என்றால் கல்லெறியும் கோட்டை மதில் நினைவுக்கு வருகிறது என்பீர்கள். வரட்டும். பழந்தமிழில் முரசையும் எறிந்திருக்கிறார்கள், அதாவது அடித்திருக்கிறார்கள்.

பியானோவைத் தானாக வாசிக்க வைக்கும் இரண்டாவது பொறி காற்றால் ஓடுவது. பாட்டைத் துளைகளாகப் பதித்த காகிதச் சுருளின் துளை பித்தளைச் சட்டத்தின் துளைக்கு நேரே வந்ததும் வெளிக்காற்று உள்ளே புகும், அடைப்பு திறக்கும். உறிஞ்சும் விசையில் சிறு துருத்தி ஒன்று சுருங்கி, அந்தச் சுரத்துக்கான சுத்தியலைக் கிளப்பும். இதற்கு 'உறிபொறி' என்று எதுகை பார்த்து ஒருவர் எழுதியிருந்தார். உறி என்றதும் எனக்குத் தயிர்ப்பானைதான் தொங்குகிறது. 'உறிஞ்சுபொறி' என்றே இருக்கட்டும்.

பழுதுகளும் இரண்டில் வேறு வேறு. எறிபொறியில் ஊசிகளைச் சுற்றியுள்ள கம்பளித் துணி மலை ஈரத்தில் உப்பிச் சுத்தியலை மந்தமாக்கிவிட்டது. உறிஞ்சுபொறியில் துருத்திகளின் ரப்பர் பூசிய துணி விறைத்து வெடித்திருக்கிறது. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எதற்கு எந்தத் துணி வாங்குவது?

சுருளுக்குத் 'துளைச்சுருள்' என்று வைத்திருக்கிறேன். சென்னிமலைப் பக்கம் பூவேலை நெய்யும் ஜக்கார்டு தறியில் துளையிட்ட அட்டையை வெறுமனே 'அட்டை' என்கிறார்கள். துளை தவறிய அட்டைக்குத் தனிப்பெயர் ஏதும் உண்டா? நெசவுக் குடும்பத்து நண்பர்கள் சொன்னால், கிழிந்து தப்புச் சுரம் எழுப்பும் சுருளுக்கும் அதையே எடுத்துக்கொள்வேன்.