தாயத்தா, ஜெபமா? உதவி வேண்டும்
ஸ்தோத்திரம், அண்ணன்மார் அக்காமாரே. பினாங்கு ஆயர் ஈத்தாம் ஃபிளாட்டில் இருக்கிறோம். இரண்டு மாதமாகத் தம்பிக்கு ராத்தூக்கமே இல்லை. யாரோ நெஞ்சில் ஏறி உட்காருகிறார்களாம். டாக்டர், தூக்கத்தில் உடம்பு அசையாமல் போகும் கோளாறு என்று மாத்திரை கொடுத்தார். அதை நிறுத்தவில்லை. அத்தையோ பொமோவிடம் (மலாய் மந்திரவாதி) தாயத்து வாங்கச் சொல்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

யாக்கோபு 4:7 "தேவனுக்குக் கீழ்ப்படிந்திருங்கள்" என்றுதான் தொடங்குகிறது. பிசாசை எதிர்ப்பது அதற்குப் பிறகு. நம்மில் பலர் பின்பாதியை மட்டும் கத்துகிறோம் (நானும்தான்).

நோயையும் பிசாசின் தொல்லையையும் எப்படிப் பிரித்தறிவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். தீவுப் பக்கம் வீட்டுக்கு வந்து ஜெபிக்கும் தமிழ்ப் போதகர் இருந்தால் தெரிவியுங்கள். சத்தம் போடுபவர் வேண்டாம், பையன் ஏற்கெனவே மிரண்டு கிடக்கிறான்.