புதுப்பிப்பு: கார்ட்ரிட்ஜ் தெரிவாகிவிட்டது

கிளிநொச்சியில் எங்கள் வீட்டு இசைத்தட்டுக் கருவியின் கூம்பு முனை ஊசிக்குப் பதிலாக எந்தக் கார்ட்ரிட்ஜை (ஊசியைத் தாங்கி, அதன் அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் பாகம்) வாங்கலாம் என முன்னர் கேட்டிருந்தேன். சிலர் பரிந்துரைத்த மூவிங் கொயில் (ஊசியோடு சிறு கம்பிச்சுருள் அசையும்) வகையின் மெல்லிய சமிக்ஞைக்கு அதற்கேற்ற முன்பெருக்கி வேண்டும் என்பதாலும், அவற்றுட் பெரும்பாலானவற்றில் ஊசியை மட்டும் வீட்டிலேயே மாற்ற முடியாது என்பதாலும், நீள்வட்ட முனையுடைய ஓடியோ டெக்னிக்கா விஎம்95ஈ மொடலையே தெரிவு செய்தேன். தட்டின் மீதான ஊசியின் அழுத்தத்தை 2 கிராமுக்குச் சரிசெய்த பின், தட்டின் உள்வட்டத்தில் வரும் கடைசிப் பாடலில் சகர ஒலி முன்போல் கரகரக்கவில்லை. பின்னாளில் அதே கார்ட்ரிட்ஜ் உடலில் இன்னும் நுண்ணிய முனையுடைய மைக்ரோலீனியர் ஊசியையோ, அப்பாவின் 78 சுழற்சித் தட்டுகளுக்குரிய 3 மில் (மில் என்பது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு) முனை ஊசியையோ செருகலாம். ஆனால் இங்குள்ள செம்மண் புழுதிக்கு, என் எண்ணப்படி, தட்டின் தூசியைத் துடைக்கும் நல்ல கார்பன் தூரிகைதான் முதற்செலவு.