புதுப்பிப்பு: பூர்வீக நிலத்தை வணிக மேம்பாட்டுக்கு விற்பது தொடர்பாக
எங்கள் பூர்வீகப் புஞ்சை நிலத்தை மொத்தமாக விற்குமுன் எவற்றைச் சரிபார்க்க வேண்டும் என்று முன்பு கேட்டிருந்தேன்; அதன் தொடர்ச்சி இது. பட்டாவில் தாத்தாவின் பெயரே நீடித்ததால், வாரிசுச் சான்றிதழும் அத்தைமார்களின் ஒப்புதலும் பெற்றுப் பெயர் மாற்றிவிட்டோம். வில்லங்கச் சான்றிலும் குறையில்லை. சிக்கல் புலப்படத்தில்தான் (நில அளவை வரைபடத்தில்) தெரிந்தது: கிழக்கே, இரு பனைகளுக்கு இடையே கருவேலம் மண்டிக் கிடக்கும் பள்ளம் ஓடைப் புறம்போக்காக, அதாவது அரசுக்குச் சொந்தமான ஓடை நிலமாகப் பதிவாகியிருக்கிறது. அதை விற்கும் உரிமை எவருக்கும் இல்லை என்பதால், சர்வேயரைக் கொண்டு அளந்து, ஓடையை விலக்கி எல்லைக்கல் நட்டோம். மழைநீர் போகும் வழி அப்படியே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான விருப்பமும்கூட. அடுத்தது, விவசாயப் பயன்பாட்டிலிருந்து வணிகப் பயன்பாட்டுக்கு வகைப்பாடு மாற்றம். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தில், சாலை நீங்கலாக 10 விழுக்காட்டைப் பொதுப் பயன்பாட்டுக்கான திறந்தவெளியாகத் தானமாக எழுதித்தர வேண்டியிருப்பதால், அந்த இழப்பு யாருடையது என்பதை விலை பேசும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்கிறோம்.