கீபோர்டு இல்லாத கேரல்

குழு: குன்னூர் வீடு 🏠

அத்தை (மாலை 6:40): அண்ணா, கீபோர்டு போச்சு. நாலு நாள் மழையில் ஈரம் இறங்கிவிட்டது. பாதிக் கட்டை பேசவே இல்லை.

பெரியப்பா: மேட்டுப்பாளையத்துக்கு இறக்கி ரிப்பேர் பார்க்கலாமே?

சின்னவன்: பர்லியாறு பக்கம் மண் சரிந்து கிடக்கிறது பெரியப்பா. கோத்தகிரி சுற்றித்தான் போகணும்.

அத்தை: அப்போ இந்த வருஷம் நம் குழுவின் கிறிஸ்துமஸ் கேரல் பாட்டு இல்லை என்று சொல்லிவிடவா?

மினசோட்டா அக்கா (6:52): வேண்டாம் அத்தை! இப்போதுதான் எழுந்தேன், இங்கே அமெரிக்காவில் காலை. என் செயின்ட் ஓலாஃப் கல்லூரிப் பாடகர் குழுவுக்கு வாத்தியம் இல்லாமல் பாடுவதில்தான் பெயரே. தொடங்கியவர் மெலியஸ் கிறிஸ்டியன்சென், நார்வேக்காரர். 1888-ல் 17 வயதில் கப்பலேறி வந்தவர்.

பெரியப்பா: பெரிய பாடகரோ?

மினசோட்டா அக்கா: வயலின்காரர் பெரியப்பா. 1903-ல் இங்கே வேலைக்குச் சேர்ந்து பேண்டு நடத்தினார், உள்ளூர் சர்ச் பாடகர் குழுவையும் பார்த்துக்கொண்டார். அந்த சர்ச் குழுதான் 1912-ல் கல்லூரிப் பெயரை வைத்துக்கொண்டது. மறு வருஷமே நார்வேக்குப் போய்ப் பாடினார்கள்.

அத்தை: தனியாகப் போன பிள்ளை ஒரு கூட்டத்தோடு திரும்பி வந்து பாடினால் ஊர் எப்படிப் பார்த்திருக்கும்!

பெரியப்பா: சரி, அது காலேஜ். இங்கே பேஸ், அதாவது ஆண்களின் கீழ்க்குரல், பாட மூன்றே பேர். அதில் ஒருவனுக்கு எப்போதும் ஜலதோஷம்.

சின்னவன்: என்னைத்தானே 😄

மினசோட்டா அக்கா: அவர் பெரிய குரல் தேடவில்லை. குரலை நடுங்கவிடாமல் நேராகப் பிடிக்கணும், பக்கத்துக் குரலோடு கரையணும், தாளைப் பார்க்காமல் பாடணும். இன்றைக்கும் மேடையில் கைகோத்துத்தான் நிற்கிறார்கள்.

பெரியப்பா: குரலை அசைக்கக் கூடாதா? அப்போ உன் அத்தையை முதல் நாளே வெளியே அனுப்பியிருப்பார்.

அத்தை: அண்ணா!!

சின்னவன்: அவருக்கு அப்புறம் யார்?

மினசோட்டா அக்கா: 1940-களில் மகன் ஓலாஃப் கைக்கு வந்தது. 1968-ல் கென்னத் ஜென்னிங்ஸ், 1990 வரை. 78 வருஷத்துக்கு மூன்றே பேர். இன்னொரு மகன் பால் வேறு கல்லூரியில், மூர்ஹெட் ஊர் கன்கார்டியாவில், 49 வருஷம் குழு நடத்தினார்.

சின்னவன்: நம் குழுவுக்கு தாத்தா, பெரியப்பா, இரண்டே பேர். மூன்றாவது யார்?

பெரியப்பா (7:31): அப்பா காலத்தில் கீபோர்டு ஏது? பாட்டை டோ, ரே, மி என்று சோல்ஃபா எழுத்தில் கையால் எழுதித் தருவார். ட்யூனிங் ஃபோர்க்கை, அந்தச் சுருதி காட்டும் இரும்புக் கவையை, முழங்காலில் தட்டி, காதில் வைத்து, டோ பிடித்துக் கொடுப்பார். நாலு பாகமும் அதன்மேல் ஏறி உட்காரும். கீபோர்டு வந்த பிறகு நாங்கள் காதைக் கழற்றி வைத்துவிட்டோம்.

அத்தை: அந்த ஃபோர்க் என் தையல் மிஷின் டிராயரில்தான் இருக்கிறது. நூல் சுற்றி வைத்திருக்கிறேன்.

பெரியப்பா: நூலா!! உடனே அவிழ்த்து எடு.

பெரியப்பா: நாளை ஆறு மணிக்கு எல்லாரும் வீட்டுக்கு வாருங்கள். சின்னவனே, ஃபோர்க்கை நீ தட்டு. எனக்கு அந்தச் சத்தம் இப்போதெல்லாம் சரியாக விழுவதில்லை.

சின்னவன்: சரி பெரியப்பா.

அத்தை: வரும்போது வர்க்கி வாங்கி வா. சூடாக இருந்தால் மட்டும்.