எஸ்எல்ஏல (சேவைத் தரத்துக்கான ஒப்பந்தம்) கையெழுத்து யாருதுங்க, கஸ்டமரா யூசரா?

நொய்யல்கரை:
திருப்பூர்ல பனியன் ஏற்றுமதி கம்பெனிக்கு ஈஆர்பி (கம்பெனி வேலையெல்லாம் ஒரே இடத்துல நடத்தற சாஃப்ட்வேர்) சப்போர்ட் பார்க்கறோமுங்க. டிக்கெட் (உதவி கேட்டுப் பதிவு) போடறது கட்டிங், பேக்கிங் சூப்பர்வைசருங்க, பணம் முதலாளி. எஸ்எல்ஏ யாருகிட்ட பேசி முடிக்கறது?

சென்னிமலை:
புரொடக்‌ஷன் மேனேஜர்கிட்டங்க. 2019ல வந்த ஐடிஐஎல் 4 (ஐடி சேவை நிர்வாகத்துக்கான வழிகாட்டி) படி, தேவையை வரையறுத்து விளைவுக்குப் பொறுப்பேத்துக்கறவர்தான் கஸ்டமர். பயன்படுத்தற சூப்பர்வைசர் யூசர், பட்ஜெட்டுக்கு ஒப்புதல் தர்ற முதலாளி ஸ்பான்சர். மேனேஜரே ரிப்போர்ட் எடுத்தா அப்ப அவரும் யூசர்தான்.

கெட்டுப்போறது எங்கன்னா, "பேக்கிங் லிஸ்ட்ல ஒரு காலம் (நெடுவரிசை) சேருங்க"ன்னு யூசர் டிக்கெட் போடுவார், சப்போர்ட் டெஸ்க்கும் உடனே செஞ்சு குடுத்துடும். அதே ஃபார்மேட்டை நம்பியிருக்கற இன்வாய்ஸ் பிரிண்ட் கலைஞ்சு, கன்டெய்னர் கேட்லயே நிக்கும். அந்த மாதிரி மாற்றத்துக்குக் கஸ்டமர் ஒப்புதல் கட்டாயம் வேணும். பாஸ்வேர்டு ரீசெட்டுக்கெல்லாம் வேண்டியதில்லை, முன்கூட்டியே ஒப்புக்கிட்டா போதும்.

பவானிக்காரன்:
இன்னொண்ணு, எஸ்எல்ஏல சிஸ்டம் 99.5 சதவீத நேரம் ஓடும்னு மட்டும் எழுதிடாதீங்க. 30 நாள் மாசத்துல அது 3 மணி 36 நிமிஷம் நிறுத்தத்தை அனுமதிக்குது. அத்தனையும் ஷிப்மென்ட் அன்னைக்குச் சாயங்காலம் விழுந்தா, ரிப்போர்ட் பச்சையா இருக்கும், சரக்கு போகாது. முக்கிய நேரத்தை மேனேஜர் வாயால சொல்ல வெச்சு, அதுக்குத் தனி வரம்பு போடுங்க.

சாயப்பட்டறை, பையர், ஆடிட்டர் எல்லாம் கஸ்டமர், யூசர், ஸ்பான்சர்ங்கற மூணுலயும் வரமாட்டாங்க, ஆனா ஸ்டேக்ஹோல்டர் (இதனால பாதிக்கப்படறவங்க) தானுங்க. சிஸ்டம் நின்னா யாருக்கு, யார், எத்தனை நிமிஷத்துல சொல்றதுன்னு எஸ்எல்ஏலயே எழுதிடுங்க.